வரிசை எண் ஒன்றும் மேற்படியார்களும்

ஆய்வு அலுவலர் இடது கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி வலது கையால் என் பதிவேட்டைத் திறந்தார்.

எலுமிச்சம்பழம் மலைப் பாதையின் குமட்டலுக்கானது. கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி வெள்ளிமலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை மூக்கருகே வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். அவர் இறங்கிக் கால் மணி நேரம் ஆகியும் முகத்தில் வாட்டம் போகவில்லை.

என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். காரணம் வேறு. அந்தப் பதிவேட்டில் 'மாணவர் பெயர்' என்ற பத்தி அடியிலிருந்து நுனிவரை காலி. நான்தான் காலியாக விட்டிருந்தேன். காலியாக இருந்தால் இந்தப் பள்ளிக்கு ஆலோசகர் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"வரிசை எண் ஒன்று."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசை எண்ணா? எங்கிருந்து வந்தது?

அலுவலர் நிமிர்ந்து, பக்கத்தில் நின்ற தலைமை ஆசிரியரைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

"சார், இது உங்க பேராச்சே?"

அவரை அப்படியே நிற்க விட்டுவிட்டு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எண் ஒட்டும் கை

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் பழைய வேலை தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக இரண்டு வரி. தியாகதுருகத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருடம் இருந்தேன். குப்பிகளுக்கு எண் ஒட்டுவது, எண்ணை ஏட்டில் ஏற்றுவது, ஏட்டைப் பூட்டுவது. ஒரு நாளும் ஒரு குப்பி மாறியதில்லை. பிறகு அஞ்சல் வழியில் உளவியல் படித்து, நாற்பத்தாறு வயதில் பள்ளிகளுக்குப் போய்வரும் ஆலோசகர் ஆனேன். குப்பியிலிருந்து பிள்ளைகளுக்கு மாறினேனே தவிர, எண் ஒட்டும் கை மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை என் மலைநாள். வெள்ளிமலையைத் தாண்டி இருக்கும் ஓர் அரசுப் பள்ளி. போகும்போதும் வரும்போதும் வளைவுகளை எண்ணி நாட்குறிப்பில் எழுதிவிடுவேன்.

இரண்டு வாரத்துக்கு முன் நான் எழுதிய எண்ணிக்கை தப்பு என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவர் சாலைத்துறையில் இருந்தவராம். ஐயா, நான் எண்ணுவது உங்கள் வளைவை அல்ல. டிரைவர் ஹாரன் அடித்தால் அது ஒரு வளைவு. அடிக்காமல் திருப்பினால் அது வெறும் சாலை. டிரைவர் மாறினால் எண்ணிக்கையும் மாறும். நாட்குறிப்பில் டிரைவர் யார் என்றும் எழுதிவைத்திருக்கிறேன்.

சட்டையை இன் பண்ணிக்கினு வாங்க

பள்ளியில் எனக்குக் கொடுக்க அறை இல்லை. சத்துணவுக் கூடத்தை ஒட்டி முட்டை அட்டைகளை அடுக்கி வைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. அதையே கொடுத்தார்கள். மேசை போட்டேன். எதிரெதிரே இரண்டு நாற்காலி. மேசைமேல் பதிவேடு. நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. வரிசை எண், மாணவர் பெயர், வகுப்பு, பிரச்சினை, தீர்ந்ததா, கையொப்பம்.

கையொப்பம்! இன்று நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழுதுவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறேன்.

தலைமை ஆசிரியர் களமருதூர்க்காரர். பத்தாம் வகுப்புக்குக் கணக்கும் அவர்தான் எடுக்கிறார். நல்ல மனிதர், ஆனால் மைக் கையில் கிடைத்தால் அடக்க முடியாது. முதல் செவ்வாய் காலை வணக்கக் கூட்டத்தில் அவரே என்னை அறிமுகம் செய்தார்.

"மனசு சரியில்லாதவங்க யார் யாரோ, எல்லாரும் மூணாவது பீரியட்ல முட்டை ரூம் முன்னாடி வரிசையா வந்து நில்லுங்க. ரோல் நம்பர் படி நிக்கணும். சட்டையை இன் பண்ணிக்கினு வரணும். இன்னா, புரிஞ்சுதா?"

புரிந்தது. ஒருவரும் வரவில்லை.

அடுத்த செவ்வாயும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஒரே ஒரு பையன் எட்டிப் பார்த்தான். நான் பேனாவைத் திறந்தேன். "பந்து உள்ள வந்துச்சா மிஸ்?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டான்.

பெரிய பக்கம்

நான்காவது செவ்வாய், சமையலர் அஞ்சலை அக்கா ஆவி பறக்கும் அண்டாவை இழுத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். அவருடைய உதவியாளர் அன்று லீவு.

"இன்னா மிஸ், சும்மாதான ஒக்காந்துகினு இருக்கீங்க? இந்தாங்க, உரிங்க. இருநூத்தி நாப்பத்தாறு. கொறையக் கூடாது."

உரித்தேன். ஓட்டோடு வெள்ளைக்கருவும் பெயர்ந்து வந்தது. முதல் முட்டை நிலாப் படம் மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். ஒன்பதாவது முட்டையை எடுத்தபோது வாசலில் நின்ற ஒரு பெண்ணால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஐயோ மிஸ், கூர்ப் பக்கம் தட்டாதீங்க. பெரிய பக்கமா தட்டுங்க. அங்கதான் உள்ள காத்து இருக்கும். தோலு தானா தூக்கிக் குடுக்கும்."

உட்கார்ந்தாள். என் எதிர் நாற்காலியில் அல்ல. அண்டா பக்கத்தில் தரையில். நானும் இறங்கி உட்கார்ந்தேன்.

அவள் பத்தாம் வகுப்பு. இந்தத் தொடரில் அவள் பெயர் மிருதுளா. உண்மைப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று அனுமதி கேட்டபோது, "எழுதுங்க மிஸ், ஆனா பேரு ஸ்டைலா வெக்கணும்" என்று அவளே தேர்ந்தெடுத்தது.

முப்பது முட்டை வரை ஊர்க்கதை. சாமை விளைச்சல், ஜீப்பில் ஆடு ஏற்றிய கதை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது. முப்பத்தொன்றாவது முட்டையில், ஓட்டைப் பார்த்துக்கொண்டே, குரலைக்கூட மாற்றாமல் சொன்னாள்:

"அரைப் பரீட்சை எழுத மாட்டேன் மிஸ். அம்மாகூட வேலைக்குப் போயிடப் போறேன்."

"ஏன்?"

"கேள்வித்தாளைத் திருப்பினா காது அடைச்சிக்குது. கை சில்லுன்னு ஆயிடுது. நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்துக்கினு எறங்க மாட்டேன்றாங்க. காப்பரீட்சை கணக்குல பேரு எழுதினேன், நம்பர் எழுதினேன், ஒண்ணுன்னு போட்டு பக்கத்துல பிராக்கெட் போட்டேன். அவ்ளோதான் மிஸ். மணி அடிச்சிட்டாங்க."

என் கை தானாகப் பேனாவைத் தேடியது. விரல் முழுக்க முட்டை ஓடு. நல்லவேளை.

"எழுதிடாதீங்க மிஸ்," என்றாள். பதிவேட்டை அவள் பார்த்துவிட்டாள். "என் பேரு அதுல வந்துச்சுன்னா ஜீப்புக்காரங்க வாயில பூந்து, நான் வூட்டுக்குப் போறதுக்குள்ள எங்கப்பா காதுக்குப் போயிடும். பொண்ணுக்குப் பைத்தியம்னு சொல்லுவாங்க. அப்பறம் நானா நிக்க வேணாம், அவரே நிறுத்திடுவாரு."

"எழுத மாட்டேன்."

"சத்தியமா?"

"முட்டை மேல."

சிரித்துவிட்டாள்.

உரிக்கிறவர்கள் சங்கம்

அடுத்த செவ்வாய் அவள் இரண்டு தோழிகளோடு வந்தாள். அதற்கடுத்த வாரம் ஆறு பேர். பிள்ளைகளிடம் சமையல் வேலை வாங்கக் கூடாது என்பது விதி. சரியான விதி. ஆகவே ஆளுக்கு ஐந்து முட்டைக்கு மேல் இல்லை என்று நான் ஒரு வரம்பு வைத்தேன். "அஞ்சு முட்டைல என் கதை முடியாது மிஸ், இன்னும் மூணு குடுங்க" என்று பேரம் பேசினார்கள்.

எதிரெதிரே உட்கார்ந்தால் வராத பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து கையில் வேலை இருந்தால் கொட்டுகிறது. யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டாம். பெரிய விஷயமாக இருந்தால் முட்டையை மெதுவாக உரிப்பார்கள். அதைப் பார்த்ததும் அஞ்சலை அக்கா மற்றவர்களைத் தண்ணீர் எடுக்க அனுப்பிவிடுவார். அவருக்கு யாரும் உளவியல் சொல்லித் தரவில்லை.

எல்லாமே பெரிய விஷயம் என்றும் இல்லை. பி.டி. சார் விசில் கனவிலும் கேட்கிறது என்றான் ஏழாம் வகுப்பு ஒருவன். "கனவுல இன்னா பண்ணுவ?" என்றார் அக்கா. "ஓடுவேன்." "முழிச்சிக்கினு இருக்கும்போது?" "அப்பவும் ஓடுவேன்." "அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்ல, போ."

மிருதுளாவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒருமுறை அழைத்துப் போனேன். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். "அப்ப வெறும் பயமா மிஸ்?" என்றாள். வெறும் பயம் என்று ஒன்று கிடையாது, பயத்துக்கும் கை கால் இருக்கிறது, அது நெஞ்சில் ஏறி உட்காரும் என்றேன்.

பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அண்டாவுக்கு அடியில் ஒரு பழைய கேள்வித்தாளைக் கவிழ்த்து வைப்பேன். அவள் அதைத் திருப்ப வேண்டும். காது அடைத்தால் முட்டையின் பெரிய பக்கத்தை இரண்டு தட்டு. மூச்சை விட்டுக்கொண்டே அடித்தோலைத் தேட வேண்டும். தோல் கிடைத்ததும் தாளைப் பார்த்து, எந்தக் கேள்வி இளகிக் கொடுக்கிறதோ அங்கிருந்து தொடங்கலாம். ஒன்றாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எண் வரிசையை மீறச் சொல்லி நான் ஒருவருக்கு வகுப்பு எடுத்ததை என் பழைய முதலாளி பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

ஒரு நாள் அவள் கேட்டாள்.

"நீங்க பஸ்ல இன்னாத்துக்கு மிஸ் வளைவை எண்றீங்க?"

பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்பது என் தொழில் விதி. "பயத்தில்தான். எண்ணாமல் விட்டால் பஸ் உருண்டுவிடும் என்று தோன்றும்."

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டாள். "நீங்க எண்றதாலதான் பஸ்ஸு நிக்குதா மிஸ்?"

அண்டாவைச் சுற்றி ஒரே சிரிப்பு. அக்காவுக்குப் புரையேறியது.

"சரி, ஒரு டீல்," என்றாள் மிருதுளா. "நான் கணக்குப் பரீட்சை எழுதறேன். எழுதினா, அன்னிக்கு நீங்க எண்ணாம எறங்கணும்."

யோசிக்காமல் சரி என்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினால், வளைவு எண்ணாத செவ்வாய் ஒன்றுகூட இல்லை.

காலிப் பத்தி

அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கள்ளக்குறிச்சியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த செவ்வாய் ஆய்வு. பயன்பெற்ற மாணவர்களின் பெயர்ப் பட்டியல் இல்லாத பள்ளிகளுக்கு ஆலோசகர் வருகை தொடராது.

தலைமை ஆசிரியர் என் பதிவேட்டைப் புரட்டினார். ஓரத்தில் தேதி இருந்தது. வந்தவர் எண்ணிக்கை இருந்தது. பெயர் இல்லை.

"மிஸ், ஒரு பத்துப் பேராவது எழுதுங்க. கம்மியா இருந்தாலும் பரவால்ல."

"ஒரு பெயரும் எழுத முடியாது சார். சொல்லியிருக்கிறேன்."

"காலியா காட்டினா ரூமை மூடிடுவாங்களே!"

"தெரியும்."

அவர் மூக்கைச் சொறிந்துகொண்டே போனார். காலிப் பத்தியைப் பார்த்தால் எனக்கு எப்படியோ அப்படித்தான் அவருக்கும் என்று அன்று எனக்குத் தெரியாது. பதிவேட்டை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வந்தேன். பூட்டவில்லை. பத்தொன்பது வருடம் ஏட்டைப் பூட்டியவள் அன்று பூட்டவில்லை. அதில் பூட்டிவைக்க ஒன்றும் இல்லையே என்ற நினைப்பு.

மறுபடி எலுமிச்சம்பழம்

இப்போது முட்டை அறைக்கு, அலுவலரிடம் திரும்பலாம். பாவம், நின்றுகொண்டே இருக்கிறார்.

"உங்க பேராச்சே சார்?"

தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "ஆமாங்க சார்."

"பிரச்சினை: பரீட்சை பயம்."

"ஆமாங்க சார்."

"வரிசை எண் இரண்டு, உதவித் தலைமை ஆசிரியர். பிரச்சினை: மேற்படி. மூணு, பி.டி. ஆசிரியர். மேற்படி. நாலு, மேற்படி. அஞ்சு, மேற்படி..." அவர் பக்கத்தைத் திருப்பினார். ஆறாம் வகுப்பு 'அ' பிரிவு, வருகைப் பதிவேட்டின் அதே வரிசையில், ஒரு பிள்ளை விடாமல். மேற்படி. அடுத்த பக்கம். மேற்படி. அலுவலரின் விரல் மேற்படிகளின் மேல் படி இறங்குவதுபோல இறங்கிக்கொண்டே போனது.

பத்தாம் வகுப்பு வந்தபோது மிருதுளாவின் பெயரைத் தேடினேன். இருக்கிறாள். நடுவில், எதிரே நின்று தலைகீழாகப் பார்க்கும் எனக்கே தெளிவாகத் தெரியும் எழுத்தில்.

வாசலில் ஐந்தாறு பிள்ளைகள். முன்னால் மிருதுளா. அவளும் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவள் கண் பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் மேலும் கீழும் ஓடியது. மெல்ல உதடு பிரிந்தது.

"இன்னாடி," என்று தோழியின் காதில் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. "நம்ம கிளாஸ் லீடருக்கும் மேற்படியா?"

"சார்," என்றார் அலுவலர், "பள்ளிக்கூடம் மொத்தத்தையும் எழுதி வெச்சிருக்கீங்க. இது பொய்ப் பதிவேடுங்க."

"இந்த மிஸ்ஸு ஒரு பேரும் எழுதக் கூடாதுன்றாங்க. நீங்க பேரு இல்லாம இருக்கக் கூடாதுன்றீங்க. ரெண்டு பேரு பேச்சையும் நான் மீற முடியுங்களா? அதான் எல்லாரு பேரையும் எழுதிட்டேன்." தலைமை ஆசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஆனா பொய்யின்னு சொல்லாதீங்க சார். ஒண்ணாம் நம்பர் நெசம். டிபார்ட்மென்ட் பரீட்சை மூணு தடவை போய்ட்டு வாசல்லியே திரும்பி வந்திருக்கேன். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதுல இருந்து சோறு எறங்கல. ஒண்ணு நெசம்னா, மத்ததெல்லாம் மேற்படிதானுங்களே?"

அலுவலர் மறுபடி முதல் பக்கத்துக்குப் புரட்டினார்.

முதலில் அலுவலரின் தோள் குலுங்கியது. வாந்திதான் வரப்போகிறது என்று நினைத்து, அண்டாவருகே இருந்த அக்கா ஒரு பாத்திரத்தை எடுத்து நீட்டினார். வந்தது சிரிப்பு. எலுமிச்சம்பழம் கையிலிருந்து நழுவி மேசையில் உருண்டு அண்டாவுக்குள் விழுந்து முட்டைகளோடு முட்டையாகக் கிடந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தே விட்டார்.

அக்கா அவர் கையில் ஒரு முட்டையை வைத்தார். "காலி வயித்தோட சிரிக்காதீங்க சார். உப்பு தொட்டுக்கினு சாப்டுங்க."

அவர் கூர்ப் பக்கத்தைத் தரையில் தட்டினார். வெள்ளைக்கரு பிய்ந்தது.

"பெரிய பக்கமா தட்டுங்க சார்," என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "அங்கதான் காத்து இருக்கும்."

தட்டினார். தோல் தூக்கிக் கொடுத்தது. அவர் அந்த முட்டையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலிலிருந்து வந்து அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து உரிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைகளையும் பார்த்தார்.

போகும்முன் சிவப்புப் பேனாவால் பக்கத்துக்கு ஒரு குறுக்குக்கோடு போட்டு எல்லா மேற்படிகளையும் ரத்து செய்தார். குறிப்புப் பகுதியில் எழுதினார்: 'பெயர் தேவையில்லை. எண்ணிக்கை போதும். வருகை தொடரலாம்.'

கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் திரும்பினார். "அடுத்த தடவை அந்தப் பரீட்சையை எழுதுங்க சார். வாசல்ல திரும்பாதீங்க." பிறகு எலுமிச்சம்பழத்தைத் தேடி எடுத்துக்கொண்டார். அது வெந்த முட்டையின் சூட்டில் இளகியிருந்தது.

சாக்கு நூல்

அடுத்த செவ்வாய் கணக்குப் பரீட்சை.

பிள்ளைகள் இல்லாத முட்டை அறையில் நானும் அக்காவும் மட்டும். பத்து மணிக்கு மணி அடித்தது. கேள்வித்தாளைத் திருப்பியிருப்பாள். நான் கையிலிருந்த முட்டையை இரண்டு தட்டு தட்டிவிட்டு உரிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்றரைக்குத் தலைமை ஆசிரியர் ஓடி வந்தார். தேர்வறையில் பி.டி. சாரை நிறுத்திவிட்டு வந்திருந்தார். மிருதுளா என்னிடம் பேசியதெல்லாம் அவருக்குத் தெரியாது. காப்பரீட்சையில் அவள் கொடுத்த காலித் தாளைத் திருத்தியவர் என்ற அளவில்தான் தெரியும்.

"மிஸ், காப்பரீட்சைல வெறும் பிராக்கெட் போட்டுக் குடுத்துச்சே ஒரு பொண்ணு, அது தாளைத் திருப்பினதும் பெஞ்சை டொக் டொக்குன்னு தட்டுது மிஸ்! காப்பி அடிக்க சிக்னல்தான்னு பக்கத்துலியே போய் நின்னுக்கினேன். கண்ணை மூடிக்கினு ஒக்காந்திருக்குது. மறுபடி ரெண்டு தட்டு. அப்பறம் பதினாலாவது கேள்விலேந்து எழுத ஆரம்பிச்சிடுச்சி. யாராவது பதினாலுலேந்து ஆரம்பிப்பாங்களா?"

"இப்போது?"

"இப்ப அடிஷனல் ஷீட் கேக்குது மிஸ்!" அவர் சட்டைப் பையைத் தடவினார். "கட்ட நூல் எங்க வெச்சேன்னே தெரியல!"

அக்கா எழுந்தார். அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருந்த நூலை ஒரே இழுப்பாக இழுத்து அவர் கையில் திணித்தார். "ஓடுங்க சார்!"

ஓடினார். அறுபதை நெருங்குகிற மனிதர், மைதானத்தின் குறுக்கே, கையில் சாக்கு நூல் கொடிபோலப் பறக்க. நானும் அக்காவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் நாலு முட்டை உடைந்தது. அவற்றைக் கணக்கில் ஏற்றினேன்.

மாலை பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். முதல் ஹாரன் அடித்தது. இரண்டாவது அடித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா மேடம், உடம்பு சரியில்லியா? எப்பவும் வாயை அசைச்சிக்கினே சாமி கும்பிட்டுக்கினு வருவீங்க, இன்னிக்குச் சும்மா வர்றீங்க?"

அன்றைய நாட்குறிப்பு இது: கிளம்பிய நேரம், மூன்று நாற்பது. இருக்கை, இடது ஜன்னல். மழை இல்லை. உடைந்த முட்டை, நான்கு. வளைவுகள், எண்ணவில்லை.